33 வயதில் பள்ளிக்கூடம் போன அர்ச்சியசிஷ்டவர்

பிரியமான பங்குக் குடும்பத்தாரே,

ஜூலை மாதம் 31-ம் தேதி நம் தாய் திருச்சபை அர்ச். இஞ்ஞாசியாருடைய திருநாளைக் கொண்டாடுகிறது. அவர் சேசு சபையை உண்டாக்கினவர் என்று ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருக்கிறீர்கள். அவருடைய படத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தின் முன் நிற்கும்போது, இவர் எடுத்த காரியமெல்லாம் கைகூடின பாக்கியவான் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை அப்படியன்று. அவர் எடுத்த காரியங்களில் பல தவறிப்போயின. உத்தியோகம் போயிற்று, கால் முறிந்தது, எங்கே வாழ ஆசைப்பட்டாரோ அங்கே இருக்க இடம் கிடைக்கவில்லை, படிப்பு நடுவில் முறிந்தது, இரண்டு ஊர்களில் சிறையிலும் இருந்தார். ஆகிலும் ஒவ்வொரு முறையும் எழுந்தார். எப்படி எழுந்தார் என்பதை அறிவதே நமக்குப் பிரயோசனம்.

இதை ஏன் இப்போது சொல்லுகிறேன் என்று கேட்பீர்களாகில், இந்த நாட்களில் நம்முடைய வீடுகள் சிலவற்றில் பேச்சுக் குறைந்திருக்கிறது. பரீட்சையில் தவறின பிள்ளை பந்தியில் தலை நிமிராமல் சாப்பிடுகிறது. வியாபாரத்தில் நஷ்டப்பட்ட தகப்பன் அயலாரைக் காணாதபடி முதல் பூசைக்கு வந்து, பூசை முடியுமுன்னே போய்விடுகிறான். சர்வேசுரன் நம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்ற எண்ணம் இப்படிப்பட்ட வீடுகளில்தான் மெல்ல நுழைகிறது. அந்த வீடுகளுக்காகவே இந்தச் சரித்திரம்.

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்கு நாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீட்டில் 1491-ம் ஆண்டில் இவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் இனிகோ. உயர்ந்த குலம், ஆனால் பிள்ளைகள் அதிகமுள்ள வீடு, இவரோ கடைக்குட்டி. ஆகவே வாலிபப் பிராயத்தில் அரேவலோ என்ற ஊரில், காஸ்தீல் இராச்சியத்துப் பொக்கிஷ அதிகாரியின் மாளிகைக்குச் சேவகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே வாள் வீசப் படித்தார், நேர்த்தியாய் உடுத்தப் படித்தார், சபையில் பேசப் படித்தார். பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. 1517-ல் அந்த அதிகாரி அரச தயவை இழந்து மரித்துப்போகவே, இவருடைய பிழைப்பும் அதோடு போயிற்று. பிறகு நவார் நாட்டை ஆண்ட நகேரா பிரபுவிடம் போய்ச் சேர்ந்தார்.

1521-ம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் படை பம்ப்லோனா நகரத்தைச் சூழ்ந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களோ கொஞ்சம் பேர். சரணடைவதே புத்தி என்று மற்றவர்கள் சொன்னபோது, இனிகோ ஒருவரே எதிர்த்து வாதாடித் தளகர்த்தனைச் சண்டைக்கு இணங்கச் செய்தார். மே 20-ந் தேதி ஒரு பீரங்கிக் குண்டு அவருடைய வலது காலை நொறுக்கி இடது காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்தார், கோட்டையும் விழுந்தது.

பிரெஞ்சுக்காரர் அவரை மரியாதையாய் நடத்தி, மஞ்சத்தில் வைத்து லொயோலாவுக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாய்க் கூடவில்லை என்று வைத்தியர்கள் அதை மறுபடியும் முறித்து வைத்தார்கள். சாகுந் தறுவாயில் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றார். அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இராத்திரி நோய் திரும்பிற்று. பிழைத்த பிறகு பார்த்தால், முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து நாகரிகப் பூட்சு அணிய அது தடை. அதற்காக அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார்! மயக்க மருந்து இல்லாத காலம். கைகளை இறுக முடிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யாமல் அந்த வேதனையைப் பொறுத்தார். இவ்வளவு மனத்திடமும் எதற்கு? ஒரு ஜோடிப் பூட்சுக்கு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவரிடம் திடம் முன்னமே இருந்தது. அதைச் செலவிடத் தகுந்த காரியந்தான் இன்னும் கிடைக்கவில்லை. நம்முடைய வாலிபர் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

படுக்கையில் பொழுது போகாமல் வீரக்கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அது இல்லை. சேசுநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே இருந்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். இடையிடையே பழைய கனவுகளிலும் மூழ்குவார்: ஓர் உயர்குலப் பெண்மணிக்குத் தாம் செய்யப்போகும் சேவையைப் பற்றி மணிக்கணக்காய் நினைப்பார். அந்த நினைவுகள் இருக்கும்வரை இனித்தன; முடிந்த பின்போ மனம் வறண்டுபோயிற்று. அர்ச். சாமிநாதரைப் போலும் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரைப் போலும் வாழ நினைத்தபோது உண்டான சந்தோஷமோ, நினைவு மறைந்த பின்னும் நிலைத்து நின்றது. இந்த வித்தியாசத்தை ஒருநாள் கண்டுகொண்டார். தம் மனதைத் தாமே பார்க்கிற பழக்கம் அந்தப் படுக்கையில்தான் தொடங்கிற்று. பின்னாளில் அவர் கற்பித்ததெல்லாம் அந்த விதையிலிருந்து முளைத்தவையே.

1522-ல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மொன்செராத் மலைக் கோவிலில் மூன்று நாளாய்ப் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்து, தம்முடைய நல்ல உடுப்புகளை ஓர் ஏழைக்குக் கொடுத்து, மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின இராத்திரி முழுவதும் தேவமாதாவின் பீடத்தின் முன் விழித்திருந்து, வாளையும் கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டார். பிறகு மன்ரேசா என்ற சிற்றூரில் ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கினார்.

இதற்குமேல் எல்லாம் சுகமாய் நடந்தது என்று நினைக்கிறீர்களா? மன்ரேசாவில் அவர் தபசில் அளவு கடந்தார். தினமும் ஏழு மணி நேரம் செபம், பிச்சையெடுத்த சாப்பாடு, தலைமயிரும் நகமும் வெட்டாமல் விட்ட கோலம். பழைய பாவங்களைச் சரியாய்ச் சொன்னேனோ இல்லையோ என்ற மனச் சஞ்சலம் அவரை வாட்டி எடுத்தது. உயிரையே மாய்த்துக்கொள்ளலாம் என்ற சோதனையும் பலமுறை வந்தது. ஒரு வாரம் ஒன்றும் உண்ணாமல் இருந்து பார்த்தார். ஆத்தும குருவானவர் அதை அறிந்து, உபவாசத்தை நிறுத்தும்படி கட்டளையிட்டார், அவர் கீழ்ப்படிந்தார். கொஞ்ச நாளில் அந்த இருள் நீங்கிற்று. அதன்பின் மயிரையும் நகத்தையும் வெட்டி ஒழுங்காயிருக்கத் தொடங்கினார்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது அப்படிப்பட்ட இருண்ட எண்ணம் வந்திருக்குமானால், இஞ்ஞாசியார் செய்ததைச் செய்யுங்கள். அதை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டிருக்காமல் வெளியே சொல்லுங்கள். தாயிடமோ, தகப்பனிடமோ, குருவானவரிடமோ, வைத்தியரிடமோ சொல்லுங்கள். அந்த எண்ணம் வந்ததால் நீங்கள் சர்வேசுரனால் தள்ளப்பட்டவர்கள் அல்ல. பெரிய அர்ச்சியசிஷ்டவர் ஒருவருக்கு வந்த சோதனைதான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

அளவு கடந்த தபசினால் அவருடைய உடல்நலம் சாகும்வரை கெட்டுப்போயிற்று. அந்தத் தவறிலிருந்து அவர் பாடம் படித்தார். பிற்காலத்தில் போர்த்துக்கல் தேசத்துக் கொயிம்ப்ரா நகரில் சபையின் மாணாக்கர் வேகத்தில் மிஞ்சிப்போனபோது, 1547-ல் அவர்களுக்கு நிருபம் எழுதி, விவேகமில்லாத தபசு ஆகாது என்று எச்சரித்தார். தாம் பட்டது பிள்ளைகள் படவேண்டாம் என்று நினைக்கிற தகப்பனுடைய அன்பு அது.

அடுத்த தோல்வி எருசலேம். சேசுநாதர் நடந்த பூமியில் வாழ்நாளெல்லாம் இருந்து ஆத்துமங்களுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. 1523-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கு சபை மேலதிகாரி, அவர் அங்கே தங்கச் சம்மதிக்கவில்லை. அப்படித் தங்கினவர்களில் சிலர் சிறைபிடிக்கப்பட்டு, சிலர் கொல்லப்பட்டும் இருந்தார்கள். ஏறக்குறைய இருபது நாளில் திரும்ப வேண்டியதாயிற்று. ஆசை நல்லது, இடம் பரிசுத்தமானது, ஆகிலும் வழி அடைபட்டது. அவர் முறுமுறுக்கவில்லை. இனி என்ன செய்வது என்று யோசித்தார். ஆத்துமங்களுக்கு உதவ வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

வயது 33. பட்டாளத்தில் பேர் வாங்கின மனிதன். 1524-ல் பார்சலோனா பட்டணத்தில் சிறு பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் தேவகாரியங்களைப் பற்றின இனிய நினைவுகள் வந்து நெஞ்சை நிரப்பும், பாடமோ ஏறாது. பக்திதானே என்று அவர் இருந்துவிடவில்லை. செபத்திலும் பூசையிலும் வராத இந்த நினைவுகள் படிக்கும்போது மாத்திரம் ஏன் வருகின்றன என்று தம்மைத் தாமே கேட்டார். இது சோதனை என்று கண்டார். உடனே உபாத்தியாயரைத் தேவமாதா கோவிலுக்கு அழைத்துச் சென்று, நடந்ததைச் சொல்லி, ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டும் கவனமாய்ப் பாடம் கேட்பதாக வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தத் தொல்லை அகன்றது. நல்ல காரியமே ஆனாலும் அந்நேரத்துக்குரிய கடமைக்கு இடையூறாய் வந்தால் அது நல்லதல்ல. பாட நேரத்தில் பாடம். செப நேரத்தில் செபம்.

1526-ல் அல்கலா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவசரப்பட்டார். தர்க்கம், இயற்கைத் தத்துவம், வேதசாஸ்திரம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் படித்தார். அதோடு ஜனங்களுக்கு ஞானோபதேசமும் சொன்னார். படியாதவன் உபதேசிக்கிறான் என்று சந்தேகம் உண்டாகி, விசாரணை நடந்து, 42 நாள் சிறையிலிருந்தார். வெளியே வந்து சலமன்கா நகருக்குப் போனார். அங்கும் 22 நாள், சங்கிலியோடு சிறை. போதனையில் குற்றம் ஒன்றும் காணப்படவில்லை. ஆனாலும் இன்னும் சில ஆண்டு படிக்குமுன் சாவான பாவம் இது, அற்பப் பாவம் இது என்று பிரித்துச் சொல்லக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

இப்படிப்பட்ட இடத்தில் நாம் என்ன செய்வோம்? எனக்கு விரோதிகள் இருக்கிறார்கள் என்போம். அவரும் அந்தக் கட்டளை தமக்கு வழியை அடைக்கிறது என்று வருந்தினார். ஆனால் வருத்தத்தோடு நிற்கவில்லை. தமக்குப் படிப்புப் போதாது என்பது மெய்தான் என்று ஒப்புக்கொண்டு, அக்காலத்தில் வேதசாஸ்திரத்துக்குப் பேர்போன பாரிஸ் பட்டணத்துக்குத் தனியே நடந்துபோய், 1528-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் 2-ந் தேதி அங்கே சேர்ந்தார்.

பாரிஸில் முதற்காரியமாக என்ன செய்தார் தெரியுமா? மேல்வகுப்புக்குப் போகவில்லை. அல்கலாவில் அஸ்திவாரமில்லாமல் சுவர் எழுப்பினேன் என்று உணர்ந்து, மொந்தேகு கலாசாலையில் மறுபடியும் சிறுவரோடு இலத்தீனுக்கே வந்து உட்கார்ந்தார். 37 வயதை எட்டின மனிதன், படித்ததையே மறுபடியும் படிக்க! ஒரு வகுப்பை இரண்டாந்தரம் படிப்பது அவமானம் என்று நினைக்கிற பிள்ளைகளே, இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள்.

அங்கும் துன்பம் விடவில்லை. தமக்குக் கிடைத்த 25 பொன்னை உடனிருந்த ஒரு ஸ்பானியனிடம் வைத்திருக்கக் கொடுத்தார்; அவன் செலவழித்துவிட்டான். இவர் பிச்சையெடுக்க வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்த ஒரு தர்மச் சத்திரத்தில் தங்கினார். அதன் கதவு காலையில் நேரங்கழித்துத் திறக்கும், மாலையில் சீக்கிரம் அடைபடும். அதனால் பாடங்கள் தவறின. வேலைக்காரனாய்ச் சேர்ந்து படிக்கலாம் என்று வேலை தேடினார், அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு துறவியின் ஆலோசனைப்படி, விடுமுறையில் பிளாந்தர்ஸ் நாட்டிலிருந்த ஸ்பானிய வர்த்தகரிடம் போய் ஓராண்டுக்கு வேண்டியதை யாசித்து வந்தார். ஒரு முறை லண்டன் வரைக்கும் போனார். மீதி மாதமெல்லாம் கவலையின்றிப் படித்தார்.

பணத்தைச் செலவழித்த அந்த மனிதன் பிறகு ரூவான் என்ற ஊரில் நோயாய் விழுந்து இவருக்கே கடிதம் எழுதினான். இஞ்ஞாசியார் மூன்று நாள் வெறுங்காலோடு, உண்ணாமல் குடியாமல் நடந்து அங்கே போனார், அவனைத் தேற்றினார், ஊருக்குப் போகக் கப்பலேற்றிவிட்டார். நமக்கு நஷ்டம் வருத்தினவனை என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

1529-ல் சேந்த் பார்ப் என்ற கலாசாலைக்கு மாறினார். அங்கே ஓர் அறையில் இவரோடு இருந்த இரண்டு வாலிபரில் ஒருவர் பீட்டர் பாபேர். மற்றவர் பிரான்சிஸ்கு சவேரியார். எருசலேமில் இடம் கிடைத்திருந்தால், அல்கலாவில் எல்லாம் சுகமாய் முடிந்திருந்தால், அந்த அறைக்கு இவர் வந்திருக்கவே மாட்டார். அடைபட்ட கதவுகள் எல்லாம் சேர்ந்து இவரை அந்த ஒரு கதவண்டை கொண்டுவந்து விட்டன.

1534-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, தேவமாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, மொன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். எருசலேமுக்குப் போவது, முடியாவிட்டால் பாப்பரசர் அனுப்பும் இடத்துக்குப் போவது. 1537-ல் வெனிஸ் நகரில் இஞ்ஞாசியார் குருப்பட்டம் பெற்றார். கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். துருக்கியரோடு யுத்தம் மூண்டதால் அந்த ஆண்டு யாத்திரைக் கப்பல் போகவில்லை. இரண்டாந்தரமும் எருசலேம் தவறிற்று. ஆனால் இம்முறை அவர்கள் அதற்கும் ஆயத்தமாயிருந்தார்கள். உரோமைக்குப் போய்ப் பாப்பரசரிடம் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 1540-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி 3-ம் சின்னப்பர் பாப்பரசர் சேசு சபையை அங்கீகரித்தார்.

அந்த ஆண்டிலேயே சவேரியார் உரோமையை விட்டுப் புறப்பட்டார். இந்தியாவுக்கு முதலில் குறிக்கப்பட்டவர் அவரல்ல. மற்றொருவர் நோயுற்றதால் அவருக்குப் பதில் போனார். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு அவர் வந்த சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பின் வந்த சேசு சபைக் குரு அன்ரீக்கே அன்ரீக்கசு தமிழ் படித்து, 1578-ல் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகத்தையும், 1586-ல் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமாகிய அடியார் வரலாறு என்ற புத்தகத்தையும் தமிழில் அச்சிட்டார். லொயோலாவில் ஒரு நோயாளி வேண்டா வெறுப்பாய் எடுத்து வாசித்த அந்த வகைப் புத்தகமே, 65 ஆண்டுக்குப் பின் நம் முன்னோர்களுக்கு அவர்களுடைய பாஷையில் கிடைத்தது.

இஞ்ஞாசியார் சபையின் முதல் தலைவராகி, உரோமையில் ஒரு சிறிய அறையிலிருந்து எழுதியும் ஆண்டும் வந்தார். 1556-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி விடியற்காலையில் மரித்தார். அவர் கேட்டிருந்த பாப்பரசரின் ஆசீர்வாதமும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதையும் அவர் வற்புறுத்தாமல் விட்டுவிட்டார். 1622-ல் சவேரியாரோடுகூட அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது.

பிரியமானவர்களே, அவர் எழுந்த விதம் என்ன? தவறின ஒவ்வொரு முறையும் தம்மைத் தாமே சோதித்தார். இதில் என் குறை என்ன, பிறர் செய்தது என்ன, சர்வேசுரன் காட்டுவது என்ன என்று பிரித்துப் பார்த்தார். தம் குறையைத் திருத்தினார். பிறர் குறையை மன்னித்தார். மூடின கதவண்டை நின்று அழுதுகொண்டிராமல் அடுத்த வழியில் நடந்தார். போகவேண்டிய இடத்தை அவர் மறக்கவில்லை. போகிற வழியை மாத்திரம் மாற்றினார்.

இந்தப் பழக்கத்தை நமக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவருடைய ஞான அப்பியாசப் புத்தகத்தில் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்லுதல், தன்னை அறிய ஒளி கேட்டல், அன்றையப் பொழுதைத் திருப்பிப் பார்த்தல், குறைகளுக்காக மனஸ்தாபப்படுதல், நாளைக்குத் தீர்மானம் செய்தல். நன்றி முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். குறையைத் தேடுமுன் கொடையைத் தேடச் சொல்லுகிறார். அன்றியும், ஒரே ஒரு குறையைத் தெரிந்துகொண்டு, அதில் விழுந்த தடவைகளை மத்தியானமும் இரவும் ஒரு தாளில் கோடிட்டுப் புள்ளி வைத்து, இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒத்துப் பார்க்கச் சொல்லுகிறார். கணக்கு எழுதுகிற கடைக்காரனுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆகையால் இந்தத் திருநாள் தொடங்கி, இரவில் குடும்ப செபமாலை முடிந்ததும், விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் மௌனமாயிருந்து இதைச் செய்யுங்கள். பெற்றோரே, பரீட்சையில் தவறின பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒத்துப் பாராதேயுங்கள். அதனுடைய நேற்றோடு ஒத்துப் பாருங்கள். எங்கே அஸ்திவாரம் குறைந்தது என்று அதனோடு உட்கார்ந்து தேடுங்கள். பிள்ளைகளே, கீழ்வகுப்புப் பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் திரும்புங்கள். நஷ்டப்பட்டவர்களே, பூசை முடியுமுன் போய்விடாதேயுங்கள். கோவிலில் உங்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிறவர்களும் ஏதோ ஒன்றில் விழுந்து எழுந்தவர்கள்தாம்.

பம்ப்லோனாவில் பட்ட காயத்தினால் இஞ்ஞாசியார் சாகும்வரை நொண்டி நொண்டியே நடந்தார். அந்தக் காலோடுதான் எருசலேமுக்கும், பாரிஸுக்கும், ரூவானுக்கும், உரோமைக்கும் போனார். நம்முடைய காயமும் ஒருவேளை முழுவதும் ஆறாமலிருக்கலாம். அதோடும் நடக்கலாம். அந்த வரப்பிரசாதத்தை நம் பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தம் வேண்டுதலால் பெற்றுத் தருவாராக.

உங்கள் பங்குக் குரு